ஓவியர்கள் வாழ்ந்த ஊர்களுக்குச் சிறு குழுவாகப் போகும் பயணம் பணத்துக்குத் தகுந்ததா?

வான்கோ வாழ்ந்த தெற்கு பிரான்ஸ் ஊர்களுக்கு எட்டுப் பத்துப் பேராக அழைத்துப் போகிறார்கள், மூன்று லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஒருவர், அங்கே அவருடைய ஓவியம் ஒன்றுகூட இல்லை, வெறும் சுவரையும் அச்சடித்த பலகையையும் பார்க்க இவ்வளவு செலவா என்று பதில் போட்டிருக்கிறார். அதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் 31 வருடம் அரசுப் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். 2023 மே மாதம் அப்படி ஒரு குழுவோடு போய் வந்தேன். நாங்கள் எட்டுப் பேர், வழிகாட்டி ஒருவர், பத்து நாள். வசதி இருக்கிறது, பேசுகிறாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓய்வுப் பணத்தில் இதற்கென்று எடுத்து வைத்த தொகை அது. வீட்டுக்கு மேல்மாடி கட்டலாம் என்று சொன்னவர்களும் உண்டு.

உங்கள் வீட்டிலும் 'அந்தக் காசுக்கு ஐந்து நாடு பார்த்துவிடலாமே' என்று சொல்லியிருப்பார்கள். நான் அதையும் செய்திருக்கிறேன். 2016-இல் நானும் என் கணவரும் 44 பேர் பஸ்ஸில் ஐரோப்பா போனோம். பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்துக்கு ஐம்பது நிமிடம் கொடுத்தார்கள். அதில் பாதி நுழைவு வரிசையிலும் கழிப்பறை வரிசையிலும் போயிற்று. வான்கோ அறையை விசாரித்து மாடிப்படி ஏறும்போதே போன் வந்துவிட்டது: "மேடம், பஸ் இங்க நிக்கக் கூடாது, எல்லாரும் வெயிட் பண்றாங்க, இறங்கி வாங்க." இறங்கினேன். அதற்கப்புறம் ஒரு வாசனைத் திரவியக் கடையில் ஒன்றரை மணி நேரம் நிறுத்தினார்கள். ரோன் நதியின் மேல் நட்சத்திர இரவு என்ற ஓவியத்தை ஒரு பழைய காலண்டரிலிருந்து வெட்டி, அட்டையில் ஒட்டி, வருடா வருடம் பிள்ளைகளுக்குக் காட்டியவள் நான். அது இருக்கிற கட்டிடத்துக்குள் போய்விட்டு, அதைப் பார்க்காமல் வெளியே வந்தேன். என் கணவர் இன்னொரு தடவை வருவோம் என்றார். அவர் இப்போது இல்லை.

சரி, ஓவியம் இல்லை என்ற பேச்சுக்கு வருகிறேன். அது பெரும்பாலும் உண்மைதான். ஆர்ல் நகரத்துக்கு வான்கோ 1888 பிப்ரவரியில் வந்தார். பதினைந்து மாதத்துக்குள் ஏறக்குறைய இருநூறு ஓவியம் போட்டார். ஊருக்கென்று அவற்றில் ஒன்றும் தங்கவில்லை. அவர் வரைந்த இரவுக் காப்பிக்கடை முற்றம் நெதர்லாந்தில் இருக்கிறது. அவர் குடியிருந்த மஞ்சள் வீடு 1944 ஜூனில் குண்டு விழுந்து சேதமாகி, பிறகு இடிக்கப்பட்டது. அதன் பின்னால் இருந்த உயரமான கட்டிடம் மட்டும் இன்னும் நிற்கிறது. அவர் பெயரில் உள்ள அறக்கட்டளைக் கூடம்கூட மற்ற இடங்களிலிருந்து கடன் வாங்கித்தான் அவருடைய ஓவியத்தைக் காட்டுகிறது.

அப்படியானால் எதற்குப் போவது? ஆர்லில் இரண்டாம் நாள் இரவு பதினொரு மணிக்கு எங்கள் வழிகாட்டி ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். ஓய்வு பெற்ற பிரெஞ்சுப் பெண்மணி, மெதுவாகப் பேசுவார். என் ஆங்கிலத்துக்கு அது போதுமாக இருந்தது. நான் காலண்டரில் காட்டிய அந்த நட்சத்திர இரவை வான்கோ வரைந்த கரை அது. எங்கள் கையில் ஆளுக்கு ஒரு அச்சுப்படம். நதி அதேபோல வளைகிறது, எதிர்க்கரை விளக்குகள் தண்ணீரில் நீள நீளமாக விழுகின்றன. "இப்போது சப்தரிஷி மண்டலத்தைக் கண்டுபிடியுங்கள்" என்றார். படத்தில் அது நதிக்கு நேர் மேலே இருக்கிறது. வானத்தில் தேடினால் அந்தப் பக்கம் இல்லை. தலையைத் தூக்கி, உடம்பைத் திருப்பி, முதுகுப் பக்கமாகத் தேடிப் பார்த்தால் அங்கே ஏழும் இருக்கின்றன. வான்கோ பார்த்தது தென்மேற்கு. அந்த ஏழு நட்சத்திரம் இருப்பது வடக்கில். பின்னால் இருந்த வானத்தை எடுத்து முன்னால் வைத்திருக்கிறார். எத்தனை வருடம் அந்தப் படத்தைக் கையில் வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன்! அந்தக் கரையில் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும்வரை எனக்கு இது தெரியாது. வெறும் இடத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டவருக்கு இதைத்தான் சொல்லுவேன்.

அடுத்தது சேன் ரெமி. 1889 மே 8 அன்று வான்கோ தானாகவே வந்து சேர்ந்த மனநல விடுதி அங்கே இருக்கிறது. ஒரு வருடம் இருந்தார். அந்த வளாகம் இன்றும் மனநல மருத்துவமனையாகத்தான் நடக்கிறது, அதனால் சத்தம் போடாமல் நடக்க வேண்டும். நமக்குக் காட்டும் அறை அவர் இருந்த அறை அல்ல, அதைப் போல அமைத்து வைத்தது. இரும்புக் கட்டில், நாற்காலி, கம்பி போட்ட ஜன்னல். உலகத்துக்கே தெரிந்த அந்தச் சுழல் வானம், நட்சத்திர இரவு என்ற இன்னொரு ஓவியம், 1889 ஜூனில் இங்கே இருந்தபோது வரைந்தது. ஆனால் அதில் உள்ள கிராமம் அவருடைய ஜன்னலிலிருந்து தெரியாது. மலையும் வானமும் தெரியும், கிராமத்தை அவர் சேர்த்துக்கொண்டார். நாங்கள் போனபோது தோட்டத்தில் ஐரிஸ் பூத்திருந்தது. அவரும் வந்த புதிதில், இதே மே மாதத்தில், அதைத்தான் வரைந்தார்.

விடுதிக்கு வெளியே ஒலிவ மரத்தோப்பு. ஆளுக்கு ஒரு மடக்கு முக்காலி கொடுத்து, "ஒன்றரை மணி நேரம், எங்கேயும் போகவில்லை" என்றார் வழிகாட்டி. அன்றைக்கு மிஸ்த்ரால் காற்று. வடக்கிலிருந்து பள்ளத்தாக்கு வழியாக வரும், நிற்காது. ஸ்கெட்ச் நோட்டில் இரண்டு கிளிப்பு போட்டிருந்தேன். தாள் படபடவென்று அடித்து ஒரு மூலை கிழிந்தேவிட்டது. மண் பறந்து வந்து கிரேயானில் ஒட்டி, கோடு இழுத்தால் நறநறவென்றது. வான்கோ ஈஸல் என்ற ஓவியத் தாங்கியின் கால்களை மண்ணில் ஊன்றி, பக்கத்தில் 50 சென்டிமீட்டர் இரும்பு முளை அடித்து, கயிற்றால் கட்டிவிட்டு வரைந்தாராம்; கடிதத்தில் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டியில் உள்ள அவருடைய ஒலிவ மர ஓவியத்தில், காய்ந்த வண்ணத்துக்குள் ஒரு வெட்டுக்கிளி சிக்கியிருந்ததை 2017-இல் கண்டுபிடித்தார்கள். அந்தத் தோப்பில் உட்கார்ந்தபோது எனக்கு அது ஆச்சரியமாகவே இல்லை.

அந்த மரங்கள்! ஈரத் துணியை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து முறுக்கினால் எப்படி இருக்கும், அப்படி அடிமரம். பிள்ளைகளிடம் நான், 'அவருக்கு மனசு சரியில்லை, அதனால் மரத்தை வளைத்து வளைத்துப் போட்டார்' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது தப்பு. மரமே அப்படித்தான் இருக்கிறது. கண் முன்னால் இருந்ததை அவர் எங்களைவிடக் கவனமாகப் பார்த்திருக்கிறார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்கு என்று பள்ளியில் இருப்பது டிராயிங் பீரியடு ஒன்றுதான். எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு. அதையும் 'டீச்சர், போர்ஷன் முடியல, இன்னிக்கு மட்டும்' என்று கணக்குப் பாடத்துக்கு வாங்கிக்கொள்வார்கள். அந்த 'இன்னிக்கு மட்டும்' ஒரு வருடத்தில் எத்தனை வெள்ளிக்கிழமை! செம்பருத்திப் பூவைக் கையில் கொடுத்து 'எத்தனை இதழ், எது எதன் மேல் ஏறியிருக்கிறது, பார்த்துப் போடு' என்று சொல்லி, பிள்ளைகள் குனிந்து பார்க்க ஆரம்பித்திருப்பார்கள். அப்போது வாசலில் ஒருவர் வந்து நிற்பார். கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோப்பில் கிடைத்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பங்கைக்கூட அந்தப் பிள்ளைகளுக்கு என்னால் முழுதாகக் கொடுக்க முடியவில்லையே என்பது இன்னும் உறுத்துகிறது.

கடைசியாக ஓவேர், பாரிஸுக்குப் பக்கத்துக் கிராமம். 1890 மே 20 முதல் ஜூலை 29 வரை, எழுபது நாள் இருந்து அங்கேயே இறந்தார். மச்சு அறை, ஏழு சதுர மீட்டர். உணவோடு நாளுக்கு மூன்றரை பிராங்க் வாடகை. உள்ளே இப்போது ஒரு சாமானும் இல்லை, கூரையில் ஒரு சின்னக் கண்ணாடித் திறப்பு மட்டும். குழுவில் யாரும் போனை எடுக்கவில்லை. ஊருக்கு மேலே கோதுமை வயலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் வின்சென்ட் வான்கோவும் அவர் தம்பி தியோவும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். இரண்டு பேரையும் சேர்த்து ஒரே கொடி மூடியிருக்கிறது.

மறுநாள் ஓர்சே. ரோன் நதியின் அந்த நட்சத்திர இரவுக்கு முன்னால் நாற்பது நிமிடம் நின்றேன். மூன்றடி அகலம்தான் இருக்கும். விளக்கின் பிரதிபலிப்பு ஒவ்வொன்றும் தண்ணீரின் மேல் தடித்த கோடாக நிற்கிறது. மேலே, இருக்கக் கூடாத இடத்தில் அந்த ஏழு நட்சத்திரம். 2024 கோடையில் இந்த ஓவியத்தை ஆர்லுக்கே கடனாக எடுத்துப் போய்க் காட்டினார்களாம், வரைந்த பிறகு அந்த ஊருக்கு அது முதல் தடவையாகப் போனது அப்போதுதான்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது: பணம் கட்டுமுன் ஒரு ஊரில் எத்தனை இரவு என்று கேளுங்கள். தினம் ஒரு ஊர் என்றால் சிறு குழுவாக இருந்தாலும் வேண்டாம், அது சின்ன பஸ், அவ்வளவுதான். வெறுமே உட்கார நேரம் உண்டா என்று கேளுங்கள். தனியாகப் போக முடியாதா என்றால், ஓவேருக்குப் பாரிஸிலிருந்து ரயிலில் நீங்களே போய்வரலாம். குளிர்காலத்தில் அந்த அறை மூடியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஓர்சே திங்கட்கிழமை கிடையாது. ஆர்லுக்கும் ரயில் உண்டு. சேன் ரெமிக்கு ரயில் இல்லை, பஸ்ஸை நம்ப வேண்டும், குழு கைகொடுப்பது அங்கேதான். வரையத் தெரியாது என்றாலும் ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். கிளிப்பு நான்கு வேண்டும், இரண்டு போதாது.