குவெரிக்குள் நல் போனால்: கேள்வி பதில்

டேட்டாபேஸ் பக்கமும் கோட் பக்கமும் மாறி மாறி வேலை பார்த்தவன் நான். அப்ளிகேஷனிலிருந்து நல் பாராமீட்டர் அனுப்பும்போது வரும் சிக்கல்களைக் கேளுங்கள். பாராமீட்டர் என்றால் குவெரியில் `?` போட்ட இடத்துக்குக் கோட் தனியாக அனுப்புவது. எந்த மொழியானாலும் சரி, தெரிந்ததைச் சொல்கிறேன். பேக்கப், சர்வர் டியூனிங் எல்லாம் இன்று வேண்டாம். தமிழில் எழுதும்போது 'நல்' ஏதோ நல்ல சொல் மாதிரித் தெரிகிறது. அதை நம்பி ஏமாறாதீர்கள்.

அரைத்தூக்கம்: அண்ணா, மேலாளர் இல்லாத ஊழியர்களை எடுக்க `வேர் மேலாளர்_எண் = ?` என்று எழுதி நல் அனுப்பினேன். டேபிளில் அப்படி நான்கு பேர் இருக்கிறார்கள். ஒரு ரெக்கார்டும் வரவில்லை, எர்ரரும் இல்லை. டிரைவரில் பிழையா?

டிரைவர் மேல் பழி போடாதீர்கள், அது நல்லைச் சரியாகத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தது. எஸ்கியூஎல்லில் நல் ஒரு மதிப்பே இல்லை. 'இங்கே என்ன இருக்கிறதென்று தெரியாது' என்பதற்கான குறி அது. தெரியாத ஒன்றும் தெரியாத இன்னொன்றும் சமமா என்று கேட்டால், அதற்கும் 'தெரியாது' என்றுதான் பதில் வரும். உண்மை, பொய், தெரியாது என்று விடை மூன்று வகை. `வேர்` உண்மையை மட்டும் உள்ளே விடும். அதனால் எர்ரர் இல்லாமல், சத்தமே இல்லாமல் பூஜ்யம் ரெக்கார்டு. மறுபக்கமும் இதே கதைதான். `மேலாளர்_எண் <> ?` என்று 7 அனுப்பிப் பாருங்கள். 7-ஆம் எண் மேலாளருக்குக் கீழே இல்லாத எல்லாரும் வருவார்கள் என்று நினைப்பீர்கள். உங்கள் நான்கு பேரும் அதிலும் இருக்க மாட்டார்கள்.

தேடுவது எப்போதும் நல்தான் என்றால் `ஈஸ் நல்` என்று எழுதிவிடுங்கள், பாராமீட்டரே வேண்டாம். சில நேரம் எண், சில நேரம் நல் என்றால் டேட்டாபேஸைப் பொறுத்தது. போஸ்ட்கிரெஸில் `ஈஸ் நாட் டிஸ்டிங்க்ட் ஃப்ரம் ?`. மைஎஸ்கியூஎல்லில் `<=>`. எஸ்கியூலைட்டில் வெறும் `ஈஸ் ?` போதும். எஸ்கியூஎல் சர்வரில் 2022 பதிப்பிலிருந்துதான் டிஸ்டிங்க்ட் ஃப்ரம் வந்தது, அதற்கு முந்தையது என்றால் `எக்ஸிஸ்ட்ஸ் (செலக்ட் மேலாளர்_எண் இன்டர்செக்ட் செலக்ட்?)` என்று ஒரு குறுக்குவழி உண்டு. இன்டர்செக்ட் இரண்டு நல்லை ஒன்றாகவே பார்க்கும். போஸ்ட்கிரெஸ்காரர்கள் மட்டும் எக்ஸ்பிளைன் (குவெரி எந்த வழியில் ஓடும் என்று காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள்: டிஸ்டிங்க்ட் ஃப்ரம் வந்தால் சாதாரண இன்டெக்ஸை எடுக்காமல் டேபிள் முழுக்கத் துழாவும்.

கட்டம்கட்டி: சி ஷார்ப்பில் பாராமீட்டருக்கு நல் கொடுத்தால் 'அந்தப் பாராமீட்டர் தரப்படவில்லை' என்று எர்ரர் வருகிறது. தந்தேனே!

மொழியின் நல் வேறு, டேட்டாபேஸ் நல் வேறு. அங்கே மொழியின் நல்லைக் கொடுத்தால் 'எதுவுமே கொடுக்கவில்லை' என்று அர்த்தமாகிவிடும். `டிபிநல்.வேல்யூ` அனுப்புங்கள். `பெயர் ?? டிபிநல்.வேல்யூ` என்று ஒரே வரியில் எழுதப் போனால் கம்பைலர் ஒத்துக்கொள்ளாது, இரண்டும் வேறு வேறு வகை. இடதுபக்கத்தை ஆப்ஜெக்ட் என்று மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், ஆட்வித்வேல்யூவை விட்டொழியுங்கள். அது கொடுத்த மதிப்பைப் பார்த்து வகையை ஊகிக்கிறது. நல்லைப் பார்த்து என்னத்தை ஊகிக்கும்? என்வார்சார், அதாவது எழுத்து வகை, என்று வைத்துக்கொள்ளும். படம் சேமிக்கும் வார்பைனரி (பைட் வகை) ஃபீல்டாக இருந்தால் அங்கேயே விழும். வகையை நீங்களே சொல்லிவிடுங்கள்.

பழையகோட்: சார், ஜாவா. `செட்இன்ட்`டில் இன்டிஜர் வேரியபிளைக் கொடுத்தேன், நல் பாயின்டர் எக்செப்ஷன்.

வெடித்தது டேட்டாபேஸுக்குப் போகும் முன்பே. இன்டிஜரை இன்ட் ஆக்கும்போது ஜாவாவே வெடித்துவிட்டது. நல்லாக இருந்தால் `செட்நல்`, கூடவே வகை. அதைவிட மோசமானது திரும்பி வரும் வழி: `கெட்இன்ட்` நல்லைப் பார்த்தால் 0 என்று கொடுத்துவிடும், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல். தள்ளுபடி 0 என்பதும் தள்ளுபடி இன்னும் முடிவாகவில்லை என்பதும் ஒன்றா? உடனே அடுத்த வரியில் `வாஸ்நல்` கேளுங்கள்.

சுருக்குவழி: இவ்வளவு தொல்லை எதற்கு? நல்லாக இருந்தால் குவெரி ஸ்ட்ரிங்கில் நல் என்று ஒட்டிவிட்டால் முடிந்தது.

ஒட்டாதீர்கள். இன்று நல்லை ஒட்டும் கை நாளை பெயரையும் ஒட்டும். அந்தப் பெயருக்குள் ஒரு ஒற்றை மேற்கோள் வந்தால் போதும், வெளியாள் எழுதியதும் கட்டளையாக ஓடும்; இன்ஜெக்‌ஷனுக்குக் கதவு திறந்தாயிற்று. மேற்கோளுக்குள் நல் என்று ஒட்டி, அந்தச் சொல்லையே பெயராகச் சேமித்த டேபிள்களையும் பார்த்திருக்கிறேன். `ஈஸ் நல்` போட்டால் அவை வராது, ஏனென்றால் அங்கே இருப்பது நான்கு ஆங்கில எழுத்து.

தேடல்பெட்டி: தேடல் பக்கத்தில் ஆறு கட்டங்கள், எல்லாம் விருப்பத்தேர்வு. `(? ஈஸ் நல் ஆர் நகரம் = ?)` என்று ஆறு முறை எழுதியிருக்கிறேன். முதலில் வேகம், அப்புறம் திடீரென்று ஊர்கிறது.

இன்றைய கேள்விகளில் எனக்குப் பிடித்தது இது. நீங்கள் எழுதியது சரியான விடை தரும், அதில் தப்பில்லை. சிக்கல் பிளானில், அதாவது குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று டேட்டாபேஸ் போடும் திட்டத்தில். ஆறு கட்டம் என்றால் நிரப்பியதும் விட்டதுமாக 64 சேர்க்கைகள். எல்லாவற்றுக்கும் ஒரே குவெரி, அதனால் ஒரே பிளான் தேங்கிவிடுகிறது. எஸ்கியூஎல் சர்வர் முதலில் வந்த பாராமீட்டரைப் பார்த்துப் பிளான் போட்டு வைத்துக்கொள்ளும். காலையில் முதல் ஆள் எல்லாக் கட்டத்தையும் காலியாக விட்டுத் தேடியிருந்தால், அவருக்குப் பொருந்திய பிளான் மற்றவர்கள் தலையில். போஸ்ட்கிரெஸ் முதல் ஐந்து முறை தனித்தனியாகத் திட்டமிடும். அதற்குப் பிறகு பொதுப் பிளான் மலிவு என்று கணக்குப் போட்டால் அதற்கு மாறிவிடும். 'முதலில் வேகம், அப்புறம் ஊர்கிறது' என்பது பெரும்பாலும் இதுதான்.

எஸ்கியூஎல் சர்வரில் `ஆப்ஷன் (ரீகம்பைல்)` சேர்த்தால் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திட்டமிடும். அடிக்கடி ஓடாத தேடலுக்கு அது போதும். மற்றபடி நான் செய்வது: நிரப்பிய கட்டங்களுக்கு மட்டும் கோடில் நிபந்தனையைச் சேர்த்துக் குவெரியைக் கட்டுவது. சேர்ப்பது `நகரம் = ?` என்ற துண்டை மட்டும், மதிப்பு எப்போதும் பாராமீட்டராகத்தான் போகும். ஒட்டாதீர்கள் என்று இரண்டாவது முறை சொல்கிறேன்.

யாராவது `நகரம் = கோஅலெஸ் (?, நகரம்)` என்று சுருக்கச் சொன்னால் கேட்காதீர்கள். கோஅலெஸ் நல் அல்லாத முதல் மதிப்பை எடுக்கும். கட்டம் காலி என்றால் அது `நகரம் = நகரம்` ஆகும்; நகரமே நல்லாக உள்ள ரெக்கார்டுகள் அதிலேயே உதிர்ந்துவிடும். இன்னொன்று, போஸ்ட்கிரெஸ் சில நேரம் `? ஈஸ் நல்` என்பதைப் பார்த்து 'பாராமீட்டரின் வகை தெரியவில்லை' என்று நிற்கும். காஸ்ட் போட்டு வகையைச் சொல்லுங்கள்.

பைத்தான்குட்டி: நன் அனுப்பினேன், `= %எஸ்` எதுவும் எடுக்கவில்லை.

முதல் கேள்வி. பைத்தான் நன் என்றாலும் போய்ச் சேர்வது நல்தான்.

நல்_ஒழிப்பு: எல்லாரும் நோய்க்கு மருந்து கேட்கிறார்கள், நோயை ஒழிக்க யாரும் கேட்கவில்லை. ஒரு ஃபீல்டிலும் நல் அனுமதிக்காதீர்கள். எண்ணுக்கு -1, தேதிக்கு 9999-12-31, எழுத்துக்குக் காலி ஸ்ட்ரிங். நல்லைக் கண்டுபிடித்தவரே அதை நூறு கோடி டாலர் தவறு என்று சொல்லிவிட்டாரே!

அவர் சொன்னது இந்த நல்லை அல்ல. டோனி ஹோர் 2009-இல் வருத்தப்பட்டது, 1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழியில் தான் வைத்த நல் ரெஃபரன்ஸுக்காக. பழையகோட் மாட்டிக்கொண்டாரே, அந்த வகை. எஸ்கியூஎல் நல், ரிலேஷனல் டேட்டாபேஸ் என்ற யோசனையைத் தந்த எட்கர் காட் வழியில் வந்தது. 1970 கட்டுரையில் அது இல்லை, 1979 கட்டுரையில் விரித்துச் சொன்னார். 1985-இல் அவர் போட்ட விதிகளில் மூன்றாவதே நல்லை ஒழுங்காகக் கையாள்வது பற்றித்தான்.

சரி, உங்கள் -1. சராசரி வயது எடுக்கும்போது அந்த -1 எல்லாம் உள்ளே வந்து கூட்டலில் கலக்கும். நல் என்றால் ஏவிஜி தானாகத் தள்ளிவைக்கும்.

நல்_ஒழிப்பு: வேர் போட்டுத் தள்ளலாம். கிறிஸ் டேட் முழு வாழ்க்கையும் நல்லுக்கு எதிராக எழுதினார். அவருக்குத் தெரியாததா?

டேட்டாபேஸ் நூல்கள் எழுதிய அந்த டேட் எதிர்த்தார், உண்மை. அவருக்காக வாதாடுவதென்றால் முழுசாக வாதாடுங்கள்: நல் வேண்டாம் என்றால் டேபிளைப் பிரியுங்கள், மேலாளர் உள்ளவர்களுக்கு மட்டும் ரெக்கார்டு உள்ள தனி டேபிள் வையுங்கள். அது நேர்மையான வழி. -1 போடுவது நல்லுக்கு மீசை ஒட்டி உள்ளே விடுவது. அப்படிப் பிரித்த பிறகும் இரண்டையும் லெஃப்ட் ஜாயின் (ஜோடி இல்லாதவரையும் விடாமல் சேர்ப்பது) போட்டால் என்ன வரும்? நல். ஒரு ரெக்கார்டும் பொருந்தாத சம் (கூட்டுத்தொகை)? நல். வாசலில் துரத்தினால் கொல்லைப்புறமாக வரும்.

நல்_ஒழிப்பு: 9999-12-31 பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. முடிவுத் தேதியில் அதைப் போட்டால் இரண்டு தேதிக்கு நடுவில் தேடுவது எவ்வளவு சுலபம்!

அதை ஒத்துக்கொள்கிறேன். செல்லுபடியாகும் காலத்தின் முடிவுத் தேதியில் நானே போட்டிருக்கிறேன். அங்கே அதற்கு 'முடிவில்லை' என்ற பொருள் உண்டு, 'தெரியாது' அல்ல. ஆனால் ஹிஸ்டோகிராம் (மதிப்புகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்ற கணக்கு) இல்லாத இடத்தில், பிளான் போடும் ஆப்டிமைசர் தேதிகள் இன்றிலிருந்து 9999 வரை சமமாகப் பரவியிருப்பதாக நினைத்து மதிப்பீட்டைக் கோட்டைவிடும். பிறந்த தேதி ஃபீல்டில் மட்டும் 1900-01-01 போட்டுவிடாதீர்கள், நூறு வயது தாண்டியவர்கள் பட்டியல் நீளும். இதோடு இந்த வழக்கை நிறுத்துவோம், காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

வால்: `நாட் இன்` உள்ளே அனுப்பும் பட்டியலில் ஒரு நல் இருந்தால் என்ன ஆகும்?

எல்லாம் போகும். `எண் நாட் இன் (1, 2, நல்)` என்பதை விரித்தால் எண் 1 இல்லை, 2 இல்லை, நல்லும் இல்லை. கடைசித் துண்டு 'தெரியாது', அதனால் மொத்தமும் ஒருநாளும் உண்மை ஆகாது.

இதில் நானே சூடு பட்டவன். பழைய வேலை ஒன்றில், பணம் கட்டாதவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பும் இரவு ஜாப் என் பொறுப்பு. `எண் நாட் இன் (செலக்ட் வாடிக்கையாளர்_எண் ஃப்ரம் ரசீது)`. ஒருநாள் யாரோ வாடிக்கையாளர் எண் இல்லாமல் ஒரு ரசீதைப் பதிந்தார்கள். அன்றிரவு முதல் லாகில் 'முடிந்தது: 0 பேர்'. எல்லாரும் ஒழுங்காகக் கட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று மூன்று வாரம் சந்தோஷமாக இருந்தோம். `நாட் எக்ஸிஸ்ட்ஸ்` எழுதுங்கள். கோடிலிருந்து பட்டியல் அனுப்புவதானால், நல்லைப் பொறுக்கி எடுத்துவிட்டு அனுப்புங்கள்.

நோடுபாதி: மைஎஸ்கியூஎல்2-இல் 'பாராமீட்டரில் அன்டிஃபைன்டு இருக்கக் கூடாது' என்கிறது. எல்லாவற்றையும் `?? நல்` என்று மாற்றிவிட்டேன், சரியா?

எர்ரர் போகும். ஆனால் அப்டேட் குவெரி என்றால் நில்லுங்கள். பயனர் தொலைபேசி எண்ணை அழித்தார் என்றால் நல். தொலைபேசி எண்ணைத் தொடவே இல்லை என்றால் அன்டிஃபைன்டு. இரண்டையும் நல்லாக்கினால், பெயர் மட்டும் மாற்றியவரின் தொலைபேசி எண்ணும் காணாமல் போகும். வராத ஃபீல்டை `செட்` பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். பட்டியலைக் கட்டும்போது ஒட்டுவது ஃபீல்டு பெயரை மட்டும், அதுவும் நீங்கள் வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலிலிருந்து. மூன்றாவது முறை.

ஓரம்: ஆரக்கிளில் காலி ஸ்ட்ரிங் அனுப்பினேன், `நாட் நல்` ஃபீல்டு மறுக்கிறது.

ஆரக்கிளுக்குக் காலி ஸ்ட்ரிங்கும் நல்லும் ஒன்றே. நல்_ஒழிப்பு கவனிக்கவும்.

ஓஆர்எம்பிரியன்: ஜாங்கோவில் `ஃபில்டர்`ருக்கு நன் கொடுத்தால் சரியாக வேலை செய்கிறதே?

குவெரியை உங்களுக்காக எழுதித் தருவதே ஜாங்கோதான். அது நன்னைப் பார்த்து `ஈஸ் நல்` ஆக மாற்றிவிடுகிறது, ரூபியின் ரெயில்ஸும் அப்படியே. கையால் குவெரி எழுதும் அன்று அந்த உதவி கிடையாது.

புதியவன்: எந்த டேட்டாபேஸ் படித்தால் வேலை கிடைக்கும்?

இன்று அது இல்லை.

இரட்டை: மின்னஞ்சலில் ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்று யூனிக் போட்டும் நல் பல முறை வருகிறது.

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டிலும் அப்படித்தான். எஸ்கியூஎல் சர்வர் ஒரே ஒரு நல்லை விடும். போஸ்ட்கிரெஸ் 15 முதல் `நல்ஸ் நாட் டிஸ்டிங்க்ட்` என்று கேட்டு வாங்கலாம்.

விடியல்: `வேர் மின்னஞ்சல் = ?`, நல் அனுப்பினால் எதுவும் வரவில்லை. அவசரம்.

முதல் கேள்வி. நான் தூங்கப் போகிறேன்.