வால்வை எங்கே மாட்டுவது?

கேள்வி: அல்சூரில் மூன்று மாடிக் கட்டடம், நாங்கள் இரண்டாவது மாடி. சமையலறை சிங்கை ஜன்னல் பக்கம் மாற்றியதிலிருந்து தண்ணீர் வடியும்போது குடுகுடுவென்று சத்தம், அப்புறம் சாக்கடை நாற்றம். ஏர் வால்வு மாட்டினால் சரியாகிவிடும், சிங்குக்கு அடியில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்கிறார் பிளம்பர். நம்பலாமா?
- ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: வால்வு மாட்டலாம், ஆனால் ‘எங்கே வேண்டுமானாலும்’ என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சிங்குக்குக் கீழே வளைந்திருக்கும் டிராப்பில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கும். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பதே அதுதான். சிங்கை இடம் மாற்றியதில் குழாய் நீண்டுவிட்டது. தண்ணீர் மொத்தமாக இறங்கும்போது பின்னால் காற்று வரவில்லை என்றால், டிராப்பில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும், நீங்கள் கேட்கிற சத்தம் பெரும்பாலும் அதுதான். அந்த நேரத்தில் வால்வு திறந்து அறைக்காற்றை உள்ளே விடும், இழுப்பு நின்றதும் தன் எடையிலேயே மூடிக்கொள்ளும்.

தன் எடையில் மூடுவது என்பதால் அது செங்குத்தாக நிற்க வேண்டும். 15 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது, படுக்க வைக்கவே கூடாது. டிராப்பைத் தாண்டிய பிறகுதான் அதற்கு இடம், சிங்குக்கும் டிராப்புக்கும் நடுவில் அல்ல. படுக்கையாகப் போகும் கழிவுக் குழாயிலிருந்து குறைந்தது 100 மில்லிமீட்டர் மேலே இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இடம் இருக்கிற வரை உயர்த்தி, மேடைக் கல்லுக்குச் சற்றுக் கீழே வைக்கச் சொல்வேன், ஏனென்றால் அடைப்பு வந்து எண்ணெய்த் தண்ணீர் எதிர்த்து ஏறினால் முதலில் கெடுவது வால்வின் ரப்பர்தான்.

சுவருக்குள் வைத்துப் பூசிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு முறை அப்படித்தான் டைல்ஸ் ஒட்டி மூடிவிட்டார்கள், ரப்பர் ஒட்டிக்கொண்டபோது புது டைல்ஸை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அலமாரிக்குள் இருந்தால் போதும், கை நுழைய வேண்டும், காற்றும் போக வேண்டும்.

வால்வு வாங்கும் முன் மொட்டை மாடிக்கு ஒரு நடை போய்வாருங்கள். கட்டடத்தின் வென்ட் பைப், அதாவது கழிவுக் குழாய்க்குக் காற்று போய்வர மாடிக்கு மேலே நீட்டி விட்டிருக்கும் குழாய், திறந்திருக்கிறதா? சோலார் ஹீட்டர் வைக்கும்போதோ மாடியில் அறை கட்டும்போதோ அதை வெட்டி மூடி போட்டிருந்தால், அதைத் திறந்துவிடுவதுதான் முதல் வேலை, வால்வு அதற்கு மாற்று ஆகாது. வால்வு காற்றை உள்ளே மட்டும்தான் விடும், உள்ளே சேர்கிற காற்று வெளியேற வானம் பார்த்த ஒரு குழாயாவது வேண்டும்.

மேல் வீட்டில் தண்ணீர் விடும்போது உங்கள் சிங்கில் குமிழி பொங்கி மேலே வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் அது உறிஞ்சல் இல்லை, கீழிருந்து தள்ளும் அழுத்தம். அப்போது வால்வில் காசு போடாமல், பொதுக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.