அம்மாவுக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதியிருக்கிறார்கள், கொடுக்கலாமா?

உங்கள் அம்மாவுக்கு 58 வயது, முடக்குவாதம் (ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று உறுதியாகி மெத்தோட்ரெக்ஸேட் எழுதியிருக்கிறார்கள், தேடிப் பார்த்தால் புற்றுநோய் மருந்து என்று வருகிறது, பேசாமல் வலி மாத்திரையிலேயே ஓட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. 9 வருடமாக அதே மாத்திரையைச் சாப்பிட்டு வருகிறவள்.

வலி மாத்திரையிலேயே ஓட்டாதீர்கள். முதல் ஒன்றரை வருடம் நான் செய்தது அதைத்தான். காலையில் எழுந்தால் கோலப்பொடியை இரண்டு விரலால் கிள்ளி எடுக்க முடியாது, மோதிரத்தைச் சோப்பு போட்டு உருவி எடுத்துவிட்டு அப்புறம் போடவே இல்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக், அது கேட்காதபோது எடோரிகாக்சிப். வலி அடங்கும், ஆனால் உள்ளே மூட்டு அரிக்கப்படுவதை இவை நிறுத்தாது, ஏனென்றால் இது வயதானால் வருகிற தேய்மானம் இல்லை, நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுச் சவ்வைத் தாக்குகிற நோய். எனக்கு வயிறு புண்ணாகி, பிரஷர் ஏறி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியாட்டினினும் கூடியது. நடுவில் ஒருவர் கொடுத்த மூட்டுவலிப் பொடி இரண்டே நாளில் எழுந்து நடக்க வைத்தது, இரண்டு மாதத்தில் முகம் உப்பி, சர்க்கரை ஏறிவிட்டது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார் டாக்டர். டாக்டர் எழுதித் தருகிற பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டிலும் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், நாள்பட்டால் எலும்பு மெலியும். அதனால்தான் குறைந்த அளவில், கொஞ்ச காலத்துக்குத் தருகிறார்கள். அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

புற்றுநோய் மருந்து என்பது பொய்யில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆய்வகத்தில் நடத்திய ஃபோலிக் அமில ஆராய்ச்சியிலிருந்து 1940களில் வந்த மருந்து இது. சில புற்றுநோய்களுக்கு கிராம் கணக்கில் ஏற்றுவார்கள். மூட்டுக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் 1988இல் அனுமதி கிடைத்தது, இன்றைக்கும் பெரும்பாலும் முதலில் எழுதுவது இதைத்தான்.

பக்கவிளைவு உண்டு. மாத்திரை போட்ட மறுநாள் எனக்குக் குமட்டும், உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும், சீப்பில் முடி கொத்தாக வரும். சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் என்று மாற்றி, ஃபோலிக் அமில மாத்திரையை டாக்டர் சொன்ன மற்ற நாட்களில் ஒழுங்காகச் சாப்பிட்டதும் பாதிக்கு மேல் குறைந்தது. வயிறு தாங்கவே இல்லையென்றால் ஊசியாகவும் போடலாம். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும், அதற்குள் வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இது வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடுகிற மருந்து. ஒருமுறை நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தது என் மாமியார். கடையில் கவர் மேல் "இரவு 1" என்று மட்டும் எழுதியிருந்தார்கள், பாவம், அவர் அதைப் பார்த்து மூன்று நாள் தொடர்ந்து கொடுத்துவிட்டார். நாலாம் நாள் வாய் முழுக்கப் புண், ரசம் சாதம் கூட இறங்கவில்லை, ரத்தத்தில் வெள்ளணு சரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு மாற்று மருந்தான லூகோவோரின் ஊசி போட்டுத்தான் மீண்டேன். கடும் காய்ச்சல், தொற்று என்றால் அந்த வார மாத்திரையையே போடலாமா என்று முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது அட்டைப்பெட்டி மேல் கறுப்பு மார்க்கரில் "சனி மட்டும்" என்று எழுதி வைக்கிறோம், போட்டதும் தினசரிக் காலண்டரில் ஒரு சுழி.

ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். ஈரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் மூன்றையும் ஆரம்பத்தில் சில வாரத்துக்கு ஒருமுறையும் அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பார்ப்பார்கள். காரணமில்லாமல் வறட்டு இருமல், மூச்சு வாங்குதல், வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அடுத்த மாத்திரை வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு வேறு யாராவது கோ-டிரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், அம்மா மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறார் என்று அப்போதே சொல்லுங்கள், இரண்டும் சேரக் கூடாது.

இது ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வழிகளும் இருக்கின்றன. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மென்மையானது, ஆனால் நாள்பட்டால் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். சல்ஃபாசலசின், லெஃப்லுனோமைடு இருக்கின்றன. எதிர்ப்பு சக்தியைக் குறிவைத்து அடக்குகிற டோஃபாசிடினிப் மாத்திரை, பயாலாஜிக் ஊசிகள் என்று போனால் உள்ளே காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

இன்றைக்கே அம்மாவின் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள், எந்தக் கிழமை என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் போன் போட்டுக் கேட்டு, பெட்டி மேல் பெரிதாக எழுதிவிட்டு அப்புறம் முதல் மாத்திரையைக் கொடுங்கள்.