சோறு நிறுத்திய நாலாம் நாள் தலைவலி: இது உப்புப் பிரச்சினை

சோறு, இட்லியை நிறுத்தி நாலு நாளில் தலைவலி, ராத்திரியில் கெண்டைக்கால் பிடிப்பு, மலச்சிக்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். டயட்டை விட்டுவிடாதீர்கள். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும், உடனே சிறுநீரகம் சோடியத்தை (உப்பில் இருப்பது) வெளியே தள்ளும், தண்ணீரும் கூடவே போகும். முதல் வாரம் குறைந்ததாகப் பலரும் சொல்லும் 2 கிலோவில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் தலைவலி கூடத்தான் செய்யும். காலையும் மாலையும் ஒரு டம்ளர் நீர்மோரில் கால் டீஸ்பூன் உப்பு போட்டுக் குடியுங்கள். பிரஷர், சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

நீங்கள் எழுதிய இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் புரதத்துக்குப் போதாது. 75 கிலோ எடைக்கு 90 கிராம் வைத்துக்கொள்ளுங்கள்: நாலு முட்டை 24, எலும்பில்லாத கோழி 200 கிராம் (பச்சையாக நிறுத்தது) 44, பனீர் 100 கிராம் 18, மீதிக்குத் தயிர். சுண்டலில்தான் எல்லோரும் ஏமாறுவது! வெந்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் புரதம் 15 கிராம், மாவுச்சத்து 45.

மலச்சிக்கலுக்குக் கீரை, வெண்டை, முட்டைக்கோஸ் என்று இரண்டு வேளையும் தட்டில் பாதி காய் இருக்கட்டும்.

சுகர் மாத்திரை பற்றி எழுதவில்லையே? கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுத்தால் சர்க்கரை சடாரென்று இறங்கும். டாபாகிளிஃப்ளோசின் என்றால் கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் ஏறுவது) அபாயம். இன்றைக்கே டாக்டரிடம் பேசி அளவை மாற்றுங்கள்.