கருப்பு வெள்ளைப் படம் ஏன் சாம்பல் பூசியதுபோல் மங்கலாக வருகிறது?

டோனல் கான்ட்ராஸ்ட் என்பது படத்தின் கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே உள்ள சாம்பல் படிகள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலகித் தெரிகின்றன என்பதுதான். அது குறைந்தால் படம் மங்கும்.

முதல் காரணம் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர். எதிரே எது இருந்தாலும் அதைச் சுமார் 18 சதவீத ஒளியைத் திருப்பும் நடுத்தரச் சாம்பலாகவே அது எடுத்துக்கொள்ளும். யார் வந்தாலும் ஒரே அளவில் சட்டை தைக்கிற தையல்காரர் மாதிரி. அதனால் சுண்ணாம்பு அடித்த சுவர் அழுக்காகவும், கருங்கல் சிற்பம் வெளிறியும் விழும். சுவருக்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் சொல்லும் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் கேமரா அமைப்பு) +1 முதல் +2 வரை ஏற்றுங்கள், சிற்பத்துக்கு -1 வையுங்கள். படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டி நின்றால் வெள்ளையில் விவரம் போய்விட்டது என்று அர்த்தம், கொஞ்சம் குறையுங்கள்.

இரண்டாவது காரணம் நிறம். பலரும் கவனிக்காதது இதைத்தான். சிவப்புச் செம்பருத்தியும் அதன் பச்சை இலையும் பல சமயம் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். லென்ஸில் சிவப்பு ஃபில்டர் மாட்டினால் பூ வெளுக்கும், இலை கருக்கும். நீல வானம் இருண்டு மேகம் எடுப்பாகும். ஆனால் அடர்சிவப்பு ஃபில்டர் சுமார் 3 ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்), முகத்தில் உதடு வெளிறிப்போகும். ஆட்களை எடுக்க மஞ்சள்பச்சை ஃபில்டரே நல்லது. டிஜிட்டலில் ரா ஃபைலாக (கேமரா பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்து, கருப்பு வெள்ளையாக மாற்றும்போது ஒவ்வொரு நிறத்தின் ஸ்லைடரையும் தனித்தனியே நகர்த்தலாம்.

கான்ட்ராஸ்ட் ஸ்லைடரை ஏற்றினாலே போதும் என்று நினைப்பது தவறு: ஒரே சாம்பலில் விழுந்த பூவையும் இலையையும் அது பிரிக்காது, இரண்டையும் சேர்த்தே கருப்பாக்கும் அல்லது வெளுக்க வைக்கும்.