குமரிக்காரங்க மதம் பார்த்துதான் ஓட்டு போடறாங்களா?

கேள்வி: கன்னியாகுமரி எம்.பி. தொகுதி மட்டும் எப்பவும் மொத்த தமிழ்நாட்டுக்கும் எதிராவே ஓட்டு போடுது. அங்க ஒண்ணு காங்கிரஸ், இல்லன்னா பாஜக, திராவிடக் கட்சிங்க எடுபடறதே இல்ல. மதத்தை பார்த்து மட்டுமே ஓட்டு போடறதுதானே இதுக்கு காரணம்?
– தஞ்சாவூர்ல இருந்து ஒரு வாசகர்

பதில்: ஒவ்வொரு எலெக்‌ஷன் ரிசல்ட் வந்ததும் இந்த கேள்வி வந்துடுது, வார்த்தைதான் மாறுது. போன தடவை ரெண்டு வரியில பதில் சொல்லி விட்டுட்டோம், அது தப்புன்னு இப்ப தோணுது, ஏன்னா ஒரு ஜில்லா மக்களையே "மதவெறி ஓட்டு"ன்னு முத்திரை குத்தற பேச்சை ரெண்டு வரியில கடந்து போகக்கூடாது.

முதல்ல அந்த "எப்பவும்". ரிசல்ட்டை வரிசையா பாருங்க. 2008ல தொகுதி எல்லைகளை மாத்தி வரைஞ்ச மறுசீரமைப்பு வரைக்கும் இந்த தொகுதிக்கு நாகர்கோவில்னு பேரு. 1980, 84, 89, 91, 96ன்னு தொடர்ந்து அஞ்சு தடவை அங்க ஜெயிச்சவர் காங்கிரஸ்ல இருந்து வந்த டென்னிஸ், அந்த அஞ்சு தடவையும் தமிழ்நாட்டுல எந்த கூட்டணி அள்ளுச்சோ அதே கூட்டணியோட வேட்பாளர்தான் அவரு. 2004ல திமுக, காங்கிரஸ், இடதுசாரிங்க சேர்ந்த அணி முப்பத்தொம்பதையும் எடுத்தப்ப அங்க மார்க்சிஸ்ட் கட்சி பெல்லார்மின். 2009ல திமுகவோட ஹெலன் டேவிட்சன். 2019லயும் 2024லயும் மாநிலம் முழுக்க எந்த பக்கம் சாஞ்சுதோ அதே பக்கம். அப்ப எதிர்த்து போட்ட வருஷங்கள் எவ்வளவுன்னு பார்த்தா 1967, 71, 77, 98, 2014, அவ்வளவுதான். பாதிக்கும் மேல அலையோடதான் போயிருக்கு. ஆனா அந்த எதிர்த்த வருஷங்கள் மட்டும் உங்க மனசுல தங்கிடுச்சு. அதுல என்ன நடந்துச்சுன்னு பார்த்தாதான் விஷயம் பிடிபடும்.

1967 எடுத்துக்குங்க. திமுக அலையில காங்கிரஸ் தமிழ்நாட்டுல மொத்தமா ஜெயிச்சது மூணே எம்.பி. சீட்டு, அதுல ஒண்ணு நாகர்கோவில், ஜெயிச்சவர் மார்ஷல் நேசமணி. அதே எலெக்‌ஷன்ல காமராஜர் சொந்த ஊர் விருதுநகர்ல 1,285 ஓட்டுல ஒரு மாணவர் தலைவர்கிட்ட தோத்தாரு. அடுத்த வருஷம் நேசமணி காலமாகிட்டாரு, 1969 ஜனவரியில இடைத்தேர்தல் வந்துச்சு, காமராஜர் நாகர்கோவில்ல நின்னாரு. ஆளுங்கட்சி திமுக, எதிர் வேட்பாளருக்கு அவங்க ஆதரவு, மந்திரிங்க வந்து இறங்கி வேலை பார்த்தாங்க, இவ்வளவுக்கும் பிறகு காமராஜர் ஒரு லட்சத்துக்கும் மேல வித்தியாசத்துல ஜெயிச்சாரு. சொந்த ஊர் கைவிட்ட மனுஷனை தூக்கி நிறுத்தின தொகுதி அது. 1971ல இந்திரா காங்கிரஸும் திமுகவும் சேர்ந்து நின்னு கிட்டத்தட்ட எல்லாத்தையும் வாரினப்ப காங்கிரஸ் உடைஞ்சப்ப காமராஜர் இருந்த பக்கமான ஸ்தாபன காங்கிரஸுக்கு தமிழ்நாட்டுல கிடைச்சது ஒரே ஒரு எம்.பி. சீட்டு, அதுவும் நாகர்கோவில்தான், காமராஜர்தான். 1977ல அவர் உயிரோட இல்ல, அந்த ஓட்டு அவர் தொண்டர் குமரி அனந்தனுக்கு போச்சு. இதுல எங்க சார் இருக்கு மதம்?

இது ஏன்னு கேட்டா 1956க்கு முன்னாடி போகணும். திமுக ஆரம்பிச்சது 1949ல. அப்ப குமரி ஜில்லா தமிழ்நாட்டுலயே இல்ல, திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்துல இருந்துச்சு. தஞ்சாவூர்லயும் மதுரையிலயும் கழகம் கிளை கிளையா வளர்ந்துட்டு இருந்த அந்த வருஷங்கள்ல குமரிக்காரங்க வேற ஒரு சண்டையில இருந்தாங்க, தமிழ் பேசற தாலுகாக்களை தமிழ்நாட்டோட சேர்க்கணும்ங்கற சண்டை. அதை நடத்தினது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தலைவர் நேசமணி. அங்க இருந்த காங்கிரஸே இந்த கோரிக்கைக்கு எதிரா நின்னுச்சு, அதனால இவங்க தனிக்கட்சியா நின்னாங்க, முதல் பொதுத்தேர்தல்லயே நாகர்கோவில் எம்.பி. சீட்டை ஜெயிச்சு நேசமணி டெல்லிக்கு போனாரு. 1954 ஆகஸ்ட் 11 அன்னிக்கு மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் போலீஸ் சுட்டுச்சு, ஆளுங்க செத்தாங்க. அப்ப முதலமைச்சர் பட்டம் தாணுபிள்ளை, பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. அவர் கட்சியில இருந்த லோகியாவே இந்த மந்திரிசபை ராஜினாமா பண்ணணும்னு சொன்னாரு, பண்ணல. கடைசியில 1956 நவம்பர் 1 அன்னிக்கு அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் சேர்ந்து குமரி மாவட்டமா நம்ம பக்கம் வந்துச்சு, செங்கோட்டை திருநெல்வேலிக்கு போச்சு, தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவுலயே நின்னுடுச்சு. போராடின அந்த கட்சி காங்கிரஸோட கலந்துச்சு. அதாவது மத்த ஜில்லாவுல தமிழுக்காக நின்ன கட்சின்னு எந்த இடத்துல திமுகவை வச்சாங்களோ, குமரியில அந்த இடம் ஏற்கனவே நிரம்பியிருந்துச்சு.

ஒரு தேர்தல் சமயம் மார்த்தாண்டம் பக்கத்துல ஒரு பெரியவரை பார்க்க போயிருந்தேன், ரப்பர் ஷீட் வியாபாரம் பண்ணினவரு, வயசு எழுபதுக்கு மேல. யாருக்கு ஓட்டுன்னு கேட்டதுக்கு பதிலே சொல்லல, உள்ள போய் ஒரு தகரப் பெட்டியில இருந்து பழைய நிலப் பத்திரம் ஒண்ணை எடுத்துட்டு வந்தாரு, மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சு பின்னாடி துணி ஒட்டியிருந்துச்சு. முழுக்க மலையாளம். "எங்க தாத்தா வாங்கின நிலம், இதுல ஒரு எழுத்து எனக்கு வாசிக்க தெரியாது, வக்கீலாபீஸ்ல காசு குடுத்து தமிழ்ல எழுதி வாங்கினேன் கேட்டியளா"ன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "எங்களுக்கு காங்கிரஸ்னா டெல்லி கட்சி இல்ல, எங்களை இங்கின கொண்டு சேர்த்த கட்சி"ன்னாரு. அவர் எந்த மதம்னு நான் கேட்கல, அவரும் சொல்லல.

சரி, மதமே இல்லையான்னா, இருக்கு. அதை மறைச்சா இந்த பதில் நேர்மையா இருக்காது. 1982 மார்ச்ல மண்டைக்காட்டுல நடந்த இந்து-கிறிஸ்தவ கலவரம் அந்த மண்ணை ரெண்டா கீறிடுச்சு. 1957ல காங்கிரஸ் எம்.பி.யா ஜெயிச்ச தாணுலிங்க நாடாரே அதுக்கு அப்புறம் இந்து முன்னணி தலைவரா ஆனாரு, இதை விட பெரிய அடையாளம் வேணுமா? 1996ல தமிழ்நாட்டு சட்டசபைக்கு பாஜகவோட முதல் எம்.எல்.ஏ. வேலாயுதன் வந்தது பத்மநாபபுரத்துல இருந்து. ஆனா அதே காலத்துல, கலவரம் முடிஞ்சு ரெண்டே வருஷத்துல, அந்த மக்கள் டென்னிஸை மறுபடி எம்.பி. ஆக்கினாங்க, அப்புறமும் ஆக்கினாங்க, 1998ல அதிமுக-பாஜக கூட்டணி தமிழ்நாட்டுல முப்பது சீட் ஜெயிச்சப்ப கூட மூப்பனாரோட தமாகா (காங்கிரஸ்ல இருந்து பிரிஞ்ச தமிழ் மாநில காங்கிரஸ்) வேட்பாளரா அவரையே அனுப்பினாங்க, ஆறாவது தடவை. மதம் மட்டும்தான் கணக்குன்னா இது எப்படி நடக்கும்?

பாஜக ஜெயிச்ச ரெண்டு தடவையையும் தனியா பார்க்கணும், ஏன்னா உங்க கேள்விக்கு நேரான பதில் அங்கதான் இருக்கு. 1999ல பொன். ராதாகிருஷ்ணன் ஜெயிச்சப்ப பாஜக திமுகவோட கூட்டணியில இருந்துச்சு, அந்த பக்கம் காங்கிரஸும் தமாகாவும் வேற வேற அணி. 2014ல திமுக தனி, அதிமுக தனி, காங்கிரஸ் தனி, மார்க்சிஸ்ட் தனி. பொன்னார் வாங்கினது சுமார் 3.73 லட்சம், காங்கிரஸ் வசந்தகுமார் 2.44 லட்சம், அதிமுக 1.76 லட்சம், திமுக 1.18 லட்சம். 1.29 லட்சம் வித்தியாசம்னு கொண்டாடினாங்க.

இப்ப அடுத்த நம்பரை பாருங்க. 2019ல அதே பொன்னார், இந்த தடவை அதிமுகவும் கூட்டணியில கூடவே நிக்குது, வாங்கினது 3.67 லட்சம். போன தடவையை விட குறைவு! அதிமுகவோட அந்த 1.76 லட்சம் அவர் பக்கம் வந்து சேரவே இல்ல. எதிர்ல திமுக-காங்கிரஸ் ஒண்ணா நின்னதுல வசந்தகுமாருக்கு 6.27 லட்சம், வித்தியாசம் 2.6 லட்சம். 2024ல அதிமுக பிரிஞ்சு தனியா நின்னு டெபாசிட்டை பறிகொடுத்துச்சு, பொன்னாருக்கு 3.66 லட்சம். மூணு பொதுத்தேர்தல், கூட்டணி மூணு விதம், மூணுலயும் பாஜகவுக்கு விழுந்தது கிட்டத்தட்ட ஒரே அளவு ஓட்டு. அந்த ஓட்டு அசையல, எதிர்ல இருக்கற ஓட்டு சிதறினா அவங்க ஜெயிக்கறாங்க, சேர்ந்தா தோக்கறாங்க. இது கூட்டணிக் கணக்கு, தமிழ்நாட்டுல எந்த தொகுதிக்கும் இருக்கற அதே கணக்கு.

அந்த 2019 வேட்பாளர் வசந்தகுமார் யாருன்னும் பாருங்க. குமரி அனந்தனோட தம்பி, இந்து நாடார். கடலோர கிறிஸ்தவ கிராமங்க அள்ளிக் குடுத்தது ஒரு இந்துவுக்கு. ஏன் குடுத்தாங்கன்னா, 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்துச்சு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் ஆழ்கடலுக்கு போனவங்க திரும்பல, தேடறதுக்கு கப்பலும் ஹெலிகாப்டரும் அனுப்புங்கன்னு கெஞ்சினாங்க, ஒரு வாரம் கழிச்சு ஆயிரக்கணக்குல ஆம்பளையும் பொம்பளையும் குழித்துறை ரயில்வே ஸ்டேஷன் தண்டவாளத்துல ராத்திரி வரைக்கும் உட்கார்ந்தாங்க. அதுக்கு முன்னாடியே இனயம் துறைமுகம் வேணாம்னு வருஷக்கணக்கா போராட்டம் வேற. மத்திய மந்திரியா இருந்து பொன்னார் மார்த்தாண்டம், பார்வதிபுரம் பாலமெல்லாம் கொண்டு வந்தாரு, அது உண்மை, நானும் அந்த பாலத்துல போயிருக்கேன், டிராஃபிக் குறைஞ்சதுக்கு ஊர்க்காரங்க இப்பவும் அவர் பேரை சொல்றாங்க. ஆனா வீட்டு ஆளு கடல்ல காணாம போன குடும்பத்துகிட்ட பாலத்தை காட்டி ஓட்டு கேட்க முடியாது. புருஷனை பறிகொடுத்த பொம்பளை கோபத்துல போட்ட ஓட்டை "மத ஓட்டு"ன்னு எழுதறவங்களை பார்த்தா எனக்கு நிஜமாவே கோபம் வருது.

இன்னும் சந்தேகம்னா 2021 ஏப்ரல் 6. வசந்தகுமார் கொரோனால காலமானதால எம்.பி. இடைத்தேர்தலும் சட்டசபைத் தேர்தலும் ஒரே நாள்ல நடந்துச்சு, ஒரே பூத், ஒரே ஆளு, ரெண்டு மெஷின். எம்.பி.க்கு காங்கிரஸ் விஜய் வசந்த், 1.38 லட்சம் வித்தியாசம். சட்டசபைக்கு நாகர்கோவில்ல பாஜக, கன்னியாகுமரியில அதிமுக, பத்மநாபபுரத்துல திமுக, குளச்சல், விளவங்கோடு, கிள்ளியூர்ல காங்கிரஸ். ஆறு தொகுதிக்கு நாலு கட்சி. திராவிடக் கட்சி எடுபடறதே இல்லன்னு கேட்டீங்களே, அன்னிக்கு ஆறுல ரெண்டு அவங்களோடது. அதிமுக இதுவரைக்கும் அங்க எம்.பி. சீட் ஜெயிச்சது இல்ல, திமுக ஒரே ஒரு தடவை, அதுவும் மறுசீரமைப்புல கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி திருச்செந்தூர்ல இருந்து இங்க வந்து சேர்ந்த பிறகு நடந்த முதல் எலெக்‌ஷன்ல. பெரும்பாலும் கூட்டணியில காங்கிரஸுக்கோ இடதுசாரிக்கோ பாஜகவுக்கோ இந்த சீட்டை விட்டுக் குடுத்துட்டு ரெண்டு கழகமும் ஒதுங்கிக்குது. நிக்காத கட்சிக்கு எப்படி ஓட்டு போடுவாங்க?

ஆக, கேள்வியை குமரிக்காரங்களை பார்த்து கேட்கறதுக்கு முன்னாடி சீட் பங்கீடு பண்றவங்களை பார்த்து கேளுங்க. அடுத்த தடவை அந்த பக்கம் போனீங்கன்னா புதுக்கடையில இறங்கி 1954ல செத்தவங்களுக்கு வச்சிருக்கற நினைவு ஸ்தூபியை பார்த்துட்டு வாங்க, நீங்க தஞ்சாவூர்ல பொறந்ததுமே கிடைச்ச தமிழ்நாட்டை அவங்க எப்படி வாங்கினாங்கன்னு அங்க இருக்கு.