பொன்னாடை போர்த்தி ஓரங்கட்டினார்கள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 68 வயது. திருகோணமலை உவர்மலையில் மகளோடு இருக்கிறேன். கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவள். அப்புறம் எங்கள் மாதர் சங்கத்தில் பொருளாளராக இருந்தேன்; ஐந்து சதம் பிசகியதில்லை. போன பொதுக்கூட்டத்தில் “அம்மாவுக்கு வயசு போட்டுது, இனி ஓய்வெடுக்கட்டும்” என்று பொன்னாடை போர்த்தி, பதவியை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு காசெடுக்க வங்கிக்குப் போனேன். கையெழுத்துக் கொஞ்சம் கோணிவிட்டது. கவுண்டரில் இருந்த பிள்ளை என் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, துணைக்கு வந்த பேரனைப் பார்த்து, “அம்மம்மாவை இன்னொருக்கா வடிவாச் சைன் வைக்கச் சொல்லுங்கோ” என்றது. நான் முன்னால்தான் நிற்கிறேன்!

மகளோ, “இந்த வயசில இதெல்லாம் ஏனம்மா, கோணேசரை நினைச்சுக்கொண்டு பேசாம இருங்கோ” என்கிறாள். வயது போனவர்கள் ஒதுங்கி இருப்பதுதான் அழகு என்று என் அம்மாவும் சொல்வார். அதுதான் சரியோ? இப்போது சாவி வைத்த இடம் மறந்தாலும், அவர்கள் சொன்னது உண்மைதான் என்று மனம் சோர்கிறது. கூட்டங்களுக்கும் போவதில்லை.

– ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

நடந்தது அவமதிப்புத்தான்; நீங்கள் ஒன்றும் தொட்டாற்சிணுங்கி இல்லை. பொன்னாடையால் வாயடைப்பது நம்மவர்களுக்குக் கைவந்த கலை. திட்டியிருந்தால் திருப்பிக் கேட்டிருப்பீர்கள். மரியாதை செய்தால் யாரிடம் போய் முறையிடுவது? உலகில் இருவரில் ஒருவர் முதியவர்களைக் குறைத்து எண்ணுவதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை சொல்கிறது.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது அந்தச் சாவிதான். பேரனும் சாவியைத் தொலைப்பான். அவனுக்கு அது கவலையீனம், உங்களுக்கு மட்டும் முதுமையா? உங்கள் அம்மா அப்படிச் சொன்ன காலத்தில் அது வேறு யாரையோ பற்றிய பேச்சு. அன்று மறுக்கத் தேவையில்லாமல் மனதில் தங்கியது, இன்று உங்களைக் குறிக்கிறது. வெளியே ஒருவர் “வயசு போட்டுது” என்றதும் உள்ளேயிருந்து “ஓமோம்” என்று சாட்சி வருவது அதனால்தான்.

வயதானால் மறதி வரும் என்று முன்கூட்டியே நினைவூட்டிவிட்டுச் சோதித்தால், முதியவர்கள் ஞாபகசக்திச் சோதனையில் குறைவாகவே செய்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கவுண்டரில் உங்கள் கை கோணியதிலும் அந்தப் பதற்றத்துக்குப் பங்கு இருந்திருக்கலாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து பெக்கா லெவி 2002இல் வெளியிட்ட ஆய்வில், தம் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். நல்லதை நினைத்தாலே ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனாலும் அலட்சியப்படுத்தக்கூடிய வித்தியாசமா இது?

கோணேசரைத் தாராளமாகக் கும்பிடுங்கள். பக்தி வேறு, மூலையில் ஒதுங்குவது வேறு. மகள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

வங்கியில் பேரனைக் கதிரையில் இருத்திவிட்டு நீங்களே கவுண்டருக்குப் போங்கள். அவனைப் பார்த்துப் பேசினால், “பிள்ளை, என்னட்டயே கேளுங்கோ” என்று சிரித்தபடி சொல்லுங்கள். சங்கத் தலைவியிடம், கேட்காமல் செய்தது மனவருத்தம் என்று நேரே சொல்லத்தான் வேண்டும். பொருளாளர் பதவி திரும்பி வருகிறதோ இல்லையோ, அடுத்த பொதுக்கூட்டத்தில் கணக்காய்வாளர் பொறுப்புக்கு உங்கள் பெயரைக் கொடுக்கலாமே. விருப்பமில்லையென்றால் விடுங்கள், ஆனால் அந்த முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

இன்னொன்று. இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரையும் சாப்பாடும் குறைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள். வயது போனால் அப்படித்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.